தக்காளிக்குக் கொஞ்சம் தாகம் எடுக்கட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் தோட்டத்தில் இறங்கிவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. தக்காளிச் செடி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது, இலை கரும்பச்சையாக இருக்கிறது, பழத்தில் மட்டும் ருசியே இல்லை என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அதே யோசனைதான். போன வருஷம் என் செடிகளும் அப்படித்தான் ஏமாற்றின.

தினமும் தண்ணீர், வாரம் தவறாமல் யூரியா என்கிறாய். பாசத்தில் செய்கிறாய், புரிகிறது. ஆனால் வெங்காயத்தின் நெடி, மிளகாயின் எரிச்சல், கீரையின் துவர்ப்பு எல்லாமே பூச்சியையும் வெயிலையும் வறட்சியையும் சமாளிக்கச் செடி தனக்காகத் தயாரித்துக்கொள்பவை. நம் உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படுபவற்றில் பல இந்த வகைதான். யூரியா கொடுக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடைக்கும்போது, இலையில் உண்டாகும் சர்க்கரையைச் செடி புதுத் தளிர் விடுவதற்கே செலவழித்துவிடுகிறது. தற்காப்புக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பல காய்களில் வைட்டமின் சி-யும் குறைகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 10 ஆண்டு விளைச்சலின் தக்காளிகளை ஒப்பிட்டு 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செடி தற்காப்புக்குத் தயாரிக்கும் பொருள்களில் குவர்செடின், கேம்ப்ஃபெரால் என்று இரண்டு உண்டு. இயற்கை முறையில் விளைந்த பழங்களில் குவர்செடின் சராசரியாக 79 சதவீதம் அதிகம், கேம்ப்ஃபெரால் 97 சதவீதம் அதிகம். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விஷயம். ஆண்டுகள் போகப்போக அந்த மண் வளமேறியது, அதனால் எருவின் அளவைக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க இந்தப் பொருள்கள் கூடின! எருவானாலும் அளவோடுதான் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கீரைக்கு இது இன்னும் முக்கியம். மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட் என்கிற உப்பாக இலையிலேயே தேங்கிவிடும். அதைப் புரதமாக மாற்ற வெளிச்சம் வேண்டும். அதனால் விடியற்காலையில் பறிப்பதைவிட, பகலெல்லாம் வெயில் வாங்கிய பிறகு சாயங்காலம் பறிப்பது நல்லது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வார்களே, மண்ணைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது, அதுதான் வழி. தக்காளி நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பார். பழம் சிறுக்கும், எடையும் குறையும். ஆனால் சர்க்கரை செறிவாக இருக்கும், பெரும்பாலும் வைட்டமின் சி-யும்தான். அதற்காகப் பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் காயப் போட்டுவிடாதே. சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடுதான் காய்க்குள் போகிறது. தண்ணீர் தடைப்பட்டால் காயின் அடி கறுத்து அழுகும். காயப் போட்டுவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினாலும் பழம் வெடிக்கும். வெள்ளரியிடம் இந்த வேலையே வேண்டாம், கசந்துவிடும்.

வெங்காயத்தில் நெடியே இல்லை என்றாயே, அதற்குத் தண்ணீர் அதிகமானது ஒரு காரணமாக இருக்கலாம். கந்தகம் போதாததையும் பார்க்க வேண்டும். வெங்காயம், பூண்டின் நெடி கந்தகச் சேர்மங்களால்தான் வருகிறது. முட்டைக்கோஸ், பிராக்கோலி போன்றவற்றில் நாம் தேடுகிற பொருள்களுக்கும் கந்தகம் வேண்டும். யூரியாவில் அது துளியும் கிடையாது. அடுத்த முறை நடும்போது கந்தகம் உள்ள ஜிப்சம் கொஞ்சம் போட்டுப் பார்.

நான் சொல்கிறேன் என்று எல்லாச் செடிக்கும் ஒரேயடியாக மாற்றிவிடாதே. இரண்டு தக்காளிச் செடிக்கு மட்டும் யூரியாவை நிறுத்து, பழுக்கும்போது தண்ணீரையும் குறை. மற்றவை வழக்கம்போல் இருக்கட்டும். அப்புறம் இரண்டு வகையையும் ஒரே நாளில் பறித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்று பார்த்து எனக்கு எழுது. முழங்காலை மடக்கிக் களை பிடுங்காதே, முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்.

அன்புடன்,
உன் பழைய தோழன்