நிறம் காட்டித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

அயர்லாந்தின் ஏ வகை டீசல் ரயில் எஞ்சினை, அது 1955இல் வந்து இறங்கிய கோலம் முதல் 1995இல் விடைபெற்ற கோலம் வரை ஐந்து சிறு மாதிரிகளாகச் செய்து முடித்திருக்கிறேன். கடைசி மாதிரியின் மெருகுப்பூச்சு சென்ற வாரம்தான் காய்ந்தது. வெட்டியதும் ஒட்டியதும் நான்தான் என்றாலும், அவற்றின் மேல் இருக்கும் ஒவ்வொரு நிறமும் உங்களில் யாரோ ஒருவர் எனக்குக் காட்டித் தந்தது. அதைப் பலர் அறியச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

அரசு போக்குவரத்து நிறுவனமான சிஐஇ, நீராவியைக் கைவிடும் திட்டத்தில் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடமிருந்து இந்த வகையில் 60 எஞ்சின்களை வாங்கியது. இன்று எஞ்சியிருப்பவை 4. மற்ற 56உம் கண்டமாகிப் பழைய இரும்பு விலைக்குப் போயின. ஓர் எஞ்சினின் நீள அகலத்தை வரைபடத்திலிருந்து மீட்டுக்கொள்ளலாம். அதன் பச்சை எந்தப் பச்சை என்பதைக் கறுப்பு வெள்ளைப் படம் ஒருபோதும் சொல்லாது. எனக்கிருந்த தடை முழுவதும் அதுதான்.

முதல் நன்றி, பழைய ரயில்களைக் காத்து ஓட்டும் வட அயர்லாந்தின் டவுன்பேட்ரிக் ரயில்வேயின் தொண்டர்களுக்கு உரியது. அங்கே நிற்கும் ஏ39 எஞ்சினை இரண்டு பகல் முழுவதும் அளக்கவும் வரையவும் என்னை அனுமதித்தீர்கள். பழுதுபார்ப்பில் இருந்த ஒரு பழைய பெட்டியின் கதவோரத்தில், காசளவு வட்டமாக உப்புத்தாளால் தேய்த்து, ஆரஞ்சின் அடியில் பழுப்பையும் பழுப்பின் அடியில் பச்சையையும் மர வளையங்களைப் போல எனக்குக் காட்டினீர்கள். 2023 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் நிலையமே நீரில் நின்றது. அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மாதங்களிலும் என் கடிதங்களுக்குப் பதில் வந்ததை எண்ணும்போது இன்றும் என் மனம் நெகிழ்கிறது. பழைய டீசல்களைக் காப்பதற்கென்றே 1989இல் தொடங்கப்பட்ட ஐரிஷ் டிராக்‌ஷன் குழுவினர் அன்று முன்வந்திராவிட்டால், நான் அளப்பதற்கு ஏ39 இருந்திருக்காது.

டப்ளினின் இன்ச்சிகோர் ரயில் பணிமனையில் வண்ணம் பூசி ஓய்வு பெற்ற பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டுச் சமையலறை மேசையில் என் முதல் மாதிரியை வைத்தபோது, நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது மிகவும் சுத்தமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அந்த எஞ்சின்கள் வெள்ளி நிறத்தில் வந்தவை. அவற்றுள் இருந்த கிராஸ்லி இயந்திரமோ புகையும் எண்ணெயும் கக்குவதில் பேர்பெற்றது. வெள்ளிப் பூச்சில் படிந்த கறையைத் துடைத்தால் கறை பரவியதே தவிர அகலவில்லை என்றும், பச்சைக்கு மாறியபோது தம்முடன் வேலை பார்த்த அனைவரும் பெருமூச்சு விட்டார்கள் என்றும் அவர் சொன்னார். 1968 முதல் 1971 வரை ஜெனரல் மோட்டார்ஸ் இயந்திரங்கள் பொருத்தப்பட்ட பிறகே இந்த வகை நம்பத்தக்கதாயிற்று. ஏ3ஆர் என்ற எண்ணின் கடைசி எழுத்து அந்த மாற்றத்தைக் குறிப்பது என்பதும் அவர் வாயிலாகவே எனக்குத் தெரிந்தது.

அறுபதுகளின் கறுப்பு, பழுப்புக் கோலத்தில் நான் பழுப்பை மிகவும் மஞ்சளாகக் கலந்திருந்தேன். அவர் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பையைச் சுட்டிக்காட்டி, பால் குறைத்து ஊற்றிய தேநீரைப் போல இருக்க வேண்டும் என்றார். எட்டு முறை கலந்து பார்த்து ஒன்பதாவது முறை அந்த நிறம் அமைந்தது. அந்தக் கோலத்திற்கு ரசிகர்கள் வழங்கும் பெயர் 1920ஆம் ஆண்டின் கொடிய காவல்படையை நினைவூட்டுவதால் அவர் அதை உச்சரிப்பதில்லை. நானும் இம்மடலில் அதைத் தவிர்க்கிறேன்.

மறைந்த தம் தந்தையார் எடுத்த வண்ண ஸ்லைடுகள் நாற்பதை நம்பிக் கொடுத்த சகோதரியாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மக்கள் 'பறக்கும் நத்தை' என்று செல்லமாக அழைத்த சிஐஇ சின்னம் எஞ்சினின் பக்கவாட்டில் எந்த உயரத்தில் இருந்தது என்பதை அந்த ஸ்லைடுகளே தீர்த்துவைத்தன. 1964இல் கைவிடப்பட்ட சின்னம் அது. 1972இல் குளிரூட்டிய புதிய பெட்டிகளுடன் வந்த ஆரஞ்சும் கறுப்பும் எளிதாகவே கிடைத்தன. வேறு வகையைச் சேர்ந்த 071ஆம் எண் எஞ்சினுக்கு அந்தக் கோலம் மீண்டும் பூசப்பட்டிருப்பதால் நேரில் ஒப்பிட முடிந்தது. 1987இல் சிஐஇயின் ரயில் பிரிவு ஐரன்ரோட் ஏரன் என்ற தனி நிறுவனமான பின் அதே ஆரஞ்சில் சேர்ந்த வெள்ளைக் கோடுகளை என் மகள் தீட்டினாள். அவள் கை நடுங்குவதில்லை.

எஞ்சின்களின் பின்னே நிறுத்துவதற்கான கிரேவன்ஸ் என்ற பழைய பயணிகள் பெட்டிகளை அளக்க உதவியவர்கள், 1964 முதல் அயர்லாந்தின் ரயில்களைக் காத்துவரும் ஆர்பிஎஸ்ஐ சங்கத்தார். அந்தப் பெட்டிகளில் அவர்கள் இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்கிறார்கள். அவற்றுக்குப் பின் வந்த மார்க் 3 வகைப் பயணிகள் பெட்டிகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1984 முதல் ஓடியவை 2009இல் நிறுத்தப்பட்டு, பெரும்பாலும் உடைக்கப்பட்டன. உடைபடக் காத்திருந்த வரிசையை வேலிக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகப் படமெடுத்த இளைஞருக்கு என் தனி நன்றி. அந்தப் பெட்டிகளுள் சில இருந்ததற்கு இனி அந்தப் படங்கள்தான் சான்று.

அயர்லாந்தின் தண்டவாள அகலம் 1600 மில்லிமீட்டர். என் மாதிரிகளின் சிறிய அளவில் அது 21 மில்லிமீட்டர் ஆகிறது. அதற்கேற்ற சக்கரங்கள் கடையில் கிடைப்பதில்லை. அறுபது சக்கரங்களையும் கடைந்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த நண்பருக்கு வணக்கம்.

ஸ்லைடுகளை வரும் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். பெட்டியில் அவற்றுடன் பச்சை நிற மாதிரி ஒன்றும் இருக்கும். அதைச் சகோதரியார் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் அன்பன்