துரத்துகிற நாயும் கிடை காக்கிற நாயும்

ஸ்விப்ட் கரண்ட் பக்கம், சஸ்காச்சுவான், கனடா
தை 3

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு நலம். நீங்க, மதினி, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் நலமா? கார்த்திகையில் போட்ட உங்க கடிதம் நேத்துத்தான் கைக்கு வந்தது. மூணு மாசமா நான் ஒரு வரி எழுதலை. அதைப் பற்றி நீங்க ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

நம்ம ஆட்டுக்கிடையில் மூணு குட்டி போனதைப் படிச்சதும் மனசு ஆறலை. நரிக்கு விஷக் குருணை மருந்து வைக்கப் போறதா எழுதியிருக்கீங்க. வைக்காதீங்க. எது கடிச்சதுன்னு முதல்ல தெரியணும். அடுத்து ஒரு குட்டி செத்துக் கிடந்தா உடனே புதைக்காம, தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் கழுத்துத் தோலை உரிச்சுப் பாருங்க. மேலே ரோமத்தில் ஒண்ணும் தெரியாது, காயம் உள்ளேதான் இருக்கும். பல் இறங்கின இடத்தைச் சுத்தி ரத்தம் கட்டியிருந்தா உயிரோட இருக்கும்போது கடிச்சது. ரத்தக்கட்டு இல்லைன்னா குட்டி தானாச் செத்தபிறகு ஏதோ வந்து தின்னிருக்கு. தொண்டையை விட்டுத் தொடை, வால், காது கிழிஞ்சு, நாலஞ்சு ஆடு காயத்தோட நின்னு, தின்னது கொஞ்சமா இருந்தா அது நாய் வேலை. எனக்கென்னவோ நம்ம ஊரில் அது ரோட்டு நாயாத்தான் இருக்கும்னு படுது. மருந்து வச்சா மயிலும் கீரியும் சுப்பையா மாமா நாயும்தான் சாகும். நரியைக் கொல்றது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இங்கே ஆட்டுக்கு எமன் கயோட்டி. ஊர்க்காரங்க 'கயோட்'னு சுருக்கிச் சொல்வாங்க. நம்ம நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சின்னது. ஆண் 12 முதல் 18 கிலோ இருக்கும். தொண்டையில், தாடைக்குக் கொஞ்சம் கீழே பிடிச்சு மூச்சை அடைச்சுடும். எப்படி வேட்டையாடுறாங்கன்னு கேட்டிருந்தீங்க. கன்னி வேட்டைநாய் வளர்த்த கை, கேட்காம இருக்குமா?

ஒண்ணு, கூப்பிட்டு வரவழைக்கிறது. முயல் நாய் வாயில் மாட்டினா எப்படிக் கத்தும், அந்தச் சத்தத்தை ஊதல் வச்சு எழுப்புறது. ஊதலில் ஒரு நாக்கு இருக்கும், நாயனத்துச் சீவாளி மாதிரி. பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவில் வச்சு, நுனியில் கடிச்சா கீச்சுக்குரல், உள்ளே தள்ளினா கனத்த குரல். பேட்டரியில் ஓடுற பெட்டியும் இருக்கு. அதை 30, 40 மீட்டர் தள்ளி வச்சா கயோட் பார்வை பெட்டி மேல போகும், ஆள் மேல விழாது.

எல்லாம் காத்துதான். கயோட் நேரா வராது. சத்தம் வந்த இடத்தைச் சுத்தி, காத்து அடிச்சுப் போற பக்கம் வந்து மோந்து பார்த்துட்டுத்தான் கிட்ட வரும். அதனால காத்துக்குக் குறுக்கா உட்காரணும்; மோப்பத்துக்கு வந்து நிக்கிற பக்கம் மறைவில்லாத வெட்டவெளியா இருக்கணும். சூரியன் முதுகுக்குப் பின்னால. வண்டியை மேட்டுக்கு அந்தப்புறம் மறைச்சு நிறுத்தி, கதவை அறையாம சாத்தி, 300, 400 மீட்டர் நடந்து போகணும். முதல்ல தாழ்ந்த குரல், ஏன்னா பக்கத்துப் புதரிலேயே ஒண்ணு படுத்திருக்கலாம். அரை நிமிஷம் ஊதி, ரெண்டு மூணு நிமிஷம் சும்மா இருக்கணும். அப்புறம் பலமா. 20 நிமிஷத்தில் வரலைன்னா எழுந்திருச்சு ஒண்ணரை, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த இடம். இந்தத் தை, மாசியில் அதுக்கு இணைசேருற காலம். முயல் சத்தத்தைவிட ஒரே ஒரு ஊளை போட்டுட்டுக் காத்திருந்தா வரும். ஓடி வர்றதை நிறுத்த வாயால் 'வவ்'னு ஒரு சத்தம் கொடுத்தாப் போதும், ஒரு நொடி நின்னு பார்க்கும். சுடுறது அந்த நொடியில்தான்.

கெட்டுப்போறதும் லேசில் கெட்டுப்போகும். மைனஸ் 25 குளிரில் ஊதுற மூச்சின் ஈரம் நாக்கிலேயே உறைஞ்சு சத்தம் செத்துடும். அதனால ரெண்டு ஊதல் வேணும், ஒண்ணு சட்டைக்குள்ள நெஞ்சுச் சூட்டில் இருக்கணும். ஒரே இடத்தில் நாலு தரம் ஊதினா அங்கே உள்ளதெல்லாம் படிச்சுக்கிடும், அப்புறம் அந்த வருஷம் முழுக்க வராது. குறிதப்பின கயோட்டுக்கு அந்தச் சத்தம் பிறகு மறக்காது.

அடுத்தது நாய். பக்கத்துப் பண்ணைக் கிழவரைப் பற்றி முன்னாடி எழுதினேன் இல்லையா, நாய்களோட மட்டும் பேசுற மனுஷர், அவர் வைச்சிருக்கிறது ஸ்டாக்ஹவுண்ட். கிரேஹவுண்டையும் ஸ்காட்லாந்து மான்நாயையும் கலந்தது. பார்த்தா நம்ம கன்னிக்கு ரோமம் முளைச்சு, உடம்பு வச்ச மாதிரி இருக்கும். மோப்பம் பிடிக்காது, கண்ணால் பார்த்துத்தான் துரத்தும். வண்டிக்குப் பின்னால் மரப்பெட்டி. ஓட்டுறவர் உள்ளே இருந்தே கயிறு இழுத்தாக் கதவு திறக்கும். மூணு நாலு நாய் விடுவாங்க. கயோட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடும். அதை எட்டிப்பிடிச்சு வளைச்சுத் திருப்ப வேகமான நாய் ஒண்ணு வேணும். கனமான நாய்கள் வந்து தொண்டையைப் பிடிக்கிறது அதுக்கப்புறம். வேகநாய் மட்டும் இருந்தாக் கடிபட்டுத் திரும்பும், கனத்த நாய் மட்டும் இருந்தா எட்டாது.

இதில் நாய்க்குத்தான் சேதம். முள்கம்பி வேலி நெஞ்சைக் கிழிச்சுடும், வளை தோண்டின குழியில் கால் முறியும். பனி மேல ஓடு கட்டியிருந்தா லேசான கயோட் மேலேயே ஓடிடும், 30 கிலோ நாய் உடைச்சுக்கிட்டு உள்ளே இறங்கும், பாதமெல்லாம் ரத்தம். சொறி பிடிச்ச கயோட்டைக் கவ்வினா நாய்க்கும் சொறி வரும். போன வாரம் கிழவர் ஒரு நாயைத் தரையில் படுக்க வச்சு, விரலிடுக்கில் உறைஞ்ச பனியை வாயால் ஊதி ஊதிக் கரைச்சு எடுத்தார். அதுவும் அசையாமக் காலைக் கொடுத்துக்கிட்டு இருந்தது. நம்ம செவலைக்கு நீங்க முள் எடுப்பீங்களே, அந்த மாதிரி.

குட்டி போட்டிருக்கிற காலத்தில் இன்னொரு வழியும் உண்டு. சின்ன நாய் ஒண்ணைக் குகைப்பக்கம் அனுப்பினா, தாய் தகப்பன் ரெண்டும் அதை விரட்டிக்கிட்டே துப்பாக்கிக்கு முன்னால வந்துடும். சண்டை போடாம ஆளைப் பார்த்துத் திரும்பி ஓடி வர்ற நாய்தான் அதுக்கு ஆகும்.

இத்தனையும் இருந்தும் கயோட் குறையலை. 2009 நவம்பரிலிருந்து 2010 மார்ச் வரைக்கும் இந்த மாநில அரசு தலைக்கு 20 டாலர் கொடுத்தது. நாலு பாதத்தையும் கொண்டுபோய்க் காட்டணும். கிட்டத்தட்ட 71,000 வந்ததாம். இன்னிக்கும் ராத்திரி வாசலில் நின்னா ஊளை கேட்குது. கூட்டம் குறைஞ்சா மிச்சமிருக்கிறது கூடுதலாக் குட்டி போடும். ஆட்டைத் தொடாத ஜோடியைச் சுட்டுட்டா, காலியான இடத்துக்கு ஆடு தின்னப் பழகினது வந்து சேரலாம்.

எங்க பண்ணையில் ஆட்டைக் காப்பாத்துறது வெள்ளை நாய் ரெண்டு, கிரேட் பிரனீஸ். எட்டு வாரக் குட்டியிலேயே ஆட்டோட பட்டியில் விட்டுடணும். ரொம்பக் கொஞ்சக் கூடாது, கொஞ்சினா வீட்டு வாசலுக்கு வந்துடும். ஒண்ணரை, ரெண்டு வருஷம் ஆகும் பொறுப்பு வர. அது வரைக்கும் விளையாட்டா ஆட்டுக்குட்டியைத் துரத்தும், அப்பவே அதட்டித் திருத்தணும். உங்க கன்னிக்கு இது வராதுண்ணே, அதுக்கு ரத்தத்திலேயே ஓட்டம். கோம்பை நாய்க்குட்டி ஒண்ணு வாங்கிக் கிடையோட படுக்க விடுங்க. ஆட்டுக்குட்டிகளைக் கூடாப்புக்குள்ள, அதான் அந்தக் கவிழ்த்து வைக்கிற கூடைக்குள்ள, போட்டு மேல கல் வைங்க. செத்த ஆட்டை ஓடையில் வீசாம ஆழமாப் புதைங்க. செத்ததைத் தின்னுதான் ருசி பழகும்.

தை முதல் நாள் பொங்கல் வச்சேன். பச்சரிசி, பாசிப்பருப்பு எல்லாம் கிடைக்குது, கருப்பட்டிதான் இல்லை. பால் பொங்கின நேரம் மேட்டில் கயோட் எல்லாம் சேர்ந்து ஊளையிட்டது. ரெண்டு இருந்தாலே இருபது மாதிரிக் கேட்கும். அம்மாவும் மதினியும் பெரியம்மாவும் வாசலில் குலவை போட்ட மாதிரியே இருந்தது. கரண்டியைக் கையில் வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன், பால் வழிஞ்சு அடுப்பு அணைஞ்சது.

இந்த மாசப் பணம் பத்து நாள் பிந்தி வரும். குளிரில் வேலை நேரம் குறைவு, வேற ஒண்ணும் இல்லை. அதுக்காக அம்மா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். மாமாகிட்ட இப்போதைக்கு வாங்கிக்கோங்க, நான் அவருக்கு நேரா அனுப்பிடுறேன். கம்மாய்க்கரை நிலத்தை அளக்க சர்வேயர் வரும்போது நீங்க நேரில் நில்லுங்க, சித்தப்பாவை மட்டும் அனுப்பிடாதீங்க. கிழக்கு மூலைக் கல் வேலிக்கருவைக்குள்ள புதைஞ்சு கிடக்கு. அதை முதல்ல வெட்டிக் காட்டுங்க. செல்விக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னாங்கன்னு எழுதவே இல்லையே? அதை உடனே எழுதுங்க.

அன்புத் தம்பி,
முத்து