சுடலை செத்த ஞாயிற்றுக்கிழமை: வாசகர் வட்டத்தாருக்கு ஒரு திறந்த மடல்

வாசகர் வட்டத்து அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும்,

வணக்கம். கிளை நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேனே, நான்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து பேசினால் எனக்குப் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்து என்றால் நிதானமாகச் சொல்லலாம்.

இரண்டு பையன்கள் நூலகக் கணினியில் விளையாடிச் சண்டை போட்டார்கள் என்று போன வாரம் அந்தக் கணினி மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறீர்கள்: ‘இங்கு விளையாட்டு ஆடக் கூடாது’. அந்தத் தாளை அச்சடித்துக் கொடுத்ததும் என் கடைதான். இரண்டு ரூபாய் வாங்கிக் கல்லாவில் போட்டேன். அந்த விளையாட்டைக் கணினியில் ஏற்றியதும் நான்தான் என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை. நூலகரிடம் வாயால் கேட்டேன், அவர் தலையாட்டினார். எழுதிக் கேட்காதது என் தப்பு. அதற்காகப் பையன்களை ஏச வேண்டாம்.

உங்களில் சிலர் இதை ரம்மி மாதிரி நினைத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். பயம் நியாயம்தான். காசு வைத்து ஆடி வீட்டை அழித்தவர்களை நம் பக்கத்திலும் பார்த்தாயிற்று. அதற்குத்தான் 2023-ல் மாநிலச் சட்டமும் 2025-ல் ஒன்றிய அரசின் சட்டமும் வந்தன. இது அந்த வகை இல்லை. பெயர் பேட்டில் ஃபார் வெஸ்னாத். 2003-ல் டேவிட் வைட் என்பவர் தொடங்கியது. முழுப் பதிப்பு 2005-ல் வந்தது. பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்துவருகிறார்கள். யாரும் பகிரலாம், மாற்றலாம் என்கிற கட்டற்ற மென்பொருள். விலை கிடையாது, விளம்பரம் கிடையாது, ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையமும் வேண்டாம். நம் நூலகத்துப் பழைய பெட்டியிலேயே ஓடுகிறது. அந்தப் பெட்டியில் வேறு எது ஒழுங்காக ஓடுகிறது, சொல்லுங்கள்.

ஆட்டம் நம் ஆடுபுலி மாதிரிதான். நீ நகர்த்து, பிறகு நான் நகர்த்துகிறேன். டப் டப்பென்று சுடுகிற வேலை இல்லை, யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஆடுபுலியில் ஆடு 15, புலி 3 என்று உட்கார்ந்தால், முடிகிறவரைக்கும் ஆடு ஆடுதான், புலி புலிதான். சதுரங்கத்தில் சிப்பாய் எதிர்க்கரையைத் தொட்டால் ராணி ஆகலாம், அவ்வளவுதான். வெஸ்னாத்தில் ஒவ்வொரு ஆளும் வளர்வான். ஈட்டிக்காரன் வளர்ந்து வாள்வீரன் ஆகலாம், நெட்டீட்டிக்காரன் ஆகலாம், எறியீட்டிக்காரன் ஆகலாம். ஒரு வழியில் போய்விட்டால் திரும்ப முடியாது.

அவன் வளர்கிற விதத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. எதிரியோடு மோதிவிட்டு உயிரோடு நின்றால், எதிரி எத்தனையாம் நிலையோ அத்தனை அனுபவப் புள்ளி. முதல் நிலை என்றால் 1, இரண்டாம் நிலை என்றால் 2. ஆனால் கடைசி அடி அடித்துச் சாய்க்கிறவனுக்கு எட்டு மடங்கு: 8, 16, 24 என்று போகும். நாலு பேர் அடித்து நொறுக்கியிருப்பார்கள். ஐந்தாவதாக வந்து ஒரு தட்டுத் தட்டுகிறவன் வாரிக்கொண்டு போவான். சில ஆபீஸ்களில் பதவி உயர்வு வருகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆடிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தேர்ந்தவனே எல்லாரையும் சாய்த்துக்கொண்டு போனால் மற்றவன் வளர மாட்டான். அந்தத் தேர்ந்தவன் ஒரு நாள் விழுந்தால் விழுந்ததுதான், அடுத்த கட்டத்துக்கு அவனைக் கூப்பிட முடியாது. பிறகு படை முழுக்கக் கத்துக்குட்டிகளாக நிற்கும். அதனால் விவரம் தெரிந்தவன், பெரியவனை விட்டு எதிரியைக் களைக்க வைத்துவிட்டு, கடைசி அடியைச் சின்னவனுக்கு விட்டுக்கொடுப்பான். எவ்வளவு உயிரை மிச்சம் வைப்பது, எந்தச் சின்னவனை அனுப்புவது, தவறினால் அவனை யார் காப்பது என்பதில்தான் சூட்சுமமெல்லாம்.

என் பெரியப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். சின்னப் பிள்ளையில் கோயில் கொடைக்குக் கொடை அவர் பின்னாலேயே போவேன். குழுத் தலைவரான அண்ணாவி நடுச்சாமம் வரைக்கும் தொண்டை கிழியப் பாடி, கதையைக் கூட்டிக்கொண்டு வருவார். தூங்கி விழுந்த சனம் நிமிர்ந்து உட்காருகிற இடம் பார்த்து, வில்லைத் தட்டுகிற வீசுகோலைப் பக்கத்துப் பையன் கையில் நீட்டிவிடுவார். கைதட்டெல்லாம் பையனுக்கு. இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருப்பார். இரண்டு கொடை கழித்து அந்தப் பையன் தனிக் குழு கட்டிப் போனான். வெஸ்னாத்தை முதல் தடவை ஆடியபோது எனக்கு அந்த அண்ணாவி ஞாபகம்தான் வந்தது.

இனி, நீங்கள் கோபப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஆடியவன் எட்டாம் வகுப்புப் பையன். அவனுடைய மந்திரவாதிக்குச் சுடலை என்று பெயர் மாற்றி வைத்திருந்தான். நாலு வாரமாக அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறான். அடுத்த நிலைக்கு இன்னும் 8 புள்ளிதான் குறைவு. நிலை உயர்ந்தால் அந்தக் கணமே உடம்பிலுள்ள காயமெல்லாம் ஆறிவிடும், சுடலைக்கோ அன்றைக்கு உடம்பெல்லாம் காயம். எதிரே முதல் நிலை ஓர்க் ஒருவன், அரக்கர் கூட்டத்து ஆள். அவனுக்கு உயிர்ப் புள்ளி 14 மிச்சம், அது தீர்ந்தால் சாய்வான்.

இந்த ஆட்டத்தில் ஒரு நாளுக்கு ஆறு பொழுது: விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். சுடலை மாதிரி ஆட்களுக்குப் பகலில் அடி 25 விழுக்காடு கூடும், இரவில் அவ்வளவு குறையும். அரக்கர்களுக்கு நேர்மாறு. அப்போது திரையில் அந்தி, யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சுடலை மூன்று முறை அடிப்பான், பட்ட ஒவ்வொன்றுக்கும் உயிரில் 7 குறையும். மந்திர அடி எதிரி எங்கே நின்றாலும் நூற்றுக்கு 70 படும். மூன்றில் இரண்டு பட்டாக வேண்டும்.

பையன் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு ஓடிவந்து ஒரு வேஸ்ட் பேப்பர் கேட்டான். நின்றபடியே கல்லா மேல் வைத்து எழுதினான். மூன்றும் பட்டால் 0.343. இரண்டு மட்டும் பட 0.441. கூட்டினால் 0.784.

“யக்கா, நூத்துக்கு எழுவத்தெட்டு. அடிக்கட்டா?”

பக்கத்திலேயே தேர்ந்த வாள்வீரன் ஒருவன் நின்றான். அவனை அனுப்பினால் தைரியமாக இருக்கலாம், ஆனால் புள்ளி அவனுக்குப் போய்விடும். “ஒன் இஷ்டம்ல” என்றேன். அவன் பின்னாலேயே போய் நானும் பார்த்தேன். முதல் அடி பட்டது. இரண்டாவது தவறியது. மூன்றாவதும் தவறியது. எதிரி முறை வந்ததும் இரண்டு பேர் சேர்ந்து சுடலையை முடித்துவிட்டார்கள்.

“சாமி பேரை வச்சா இப்படித்தாம்ல ஆவும்” என்றான் கூட்டாளி. பிறகு அவனே, “சேவ் பண்ணுனத லோடு பண்ணுல, பழையபடி ஆடு, யாருக்குத் தெரியப்போவுது?” என்றான். இவன் மாட்டேன் என்றான். “கணக்குப் போட்டுத்தான அனுப்புனேன்” என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கூட்டாளி கணினி எலியைப் பிடுங்க, இவன் தள்ள, நாற்காலி சாய்ந்தது. தினசரி படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி எழுந்து சத்தம் போட்டார். சத்தம் போட்டது சரிதான். படிக்கிற இடத்தில் நாற்காலி விழக் கூடாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவே தரையில் கிடந்த கணக்குத் தாளை யாரும் பார்க்கவில்லை. கூட்டுகிற அக்கா எடுத்துப் போட்டுவிட்டார்.

இந்த ஆட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெள்ளை மந்திரவாதி என்று ஒரு வைத்தியன் உண்டு. பக்கத்தில் நிற்கிற நம்மாட்களுக்கு முறைக்கு 8 உயிர் ஏற்றிவிடுவான். அப்படி நாள் முழுக்க நின்று வைத்தியம் பார்த்தாலும் அவனுக்கு ஒரு புள்ளி வராது. வீட்டில் பொம்பிளைகள் பார்க்கிற வேலை கணக்கில் ஏறாத மாதிரி. செய்தவர்களிடம் எனக்கு இதில் கோபம்தான். பையன்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள், வைத்தியனுக்கென்று அப்பப்போ ஒரு கடைசி அடியை ஒதுக்கிவைக்கிறார்கள்.

இன்னொன்று. இதற்குள்ளேயே நாமே நிலப்படம் வரைகிற வசதி இருக்கிறது. இரண்டு பேரும் நெற்கட்டும்செவல் கோட்டையை வரைய ஆரம்பித்திருக்கிறார்கள். பூலித்தேவர் படைக்கு ஓடை எந்தப் பக்கம், கோட்டை எந்தப் பக்கம் என்று ஒரே சண்டை. ஈட்டிக்காரன் தண்ணீரில் இறங்கி நின்றால் அவன் மேல் நூற்றுக்கு 80 அடி படும், கோட்டைக்குள் நின்றால் 40 தான். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாளையக்காரர் பற்றிய தடிப் புத்தகத்தைச் சமீபத்தில் யார் எடுத்துப்போனது என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அந்த எட்டாம் வகுப்புக்காரன்தான். அவன் அம்மா கட்டுகிற வீட்டு வரியிலும் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம். ஸ்பீக்கரைக் கழற்றி என் கடையில் வைத்துக்கொள்கிறேன். ஒரே கணினியில் மாறி மாறி ஆடலாம் என்பதால் இன்னொரு கணினி தேவைப்படாது. யாராவது அவசரமாக விண்ணப்பம் போட வந்தால் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். நாற்காலி விழுந்தால் அடுத்த வாரம் ஆட்டம் கிடையாது. இதையெல்லாம் நானே அச்சடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

சுடலை செத்த அந்த ஆட்டம் இன்னும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. கணினியைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று யாரும் அதை அழித்துவிட வேண்டாம். வாள்வீரனும் இன்னும் நாலு பேரும் அங்கே நிற்கிறார்கள், முதல் சாமம் பிறக்கப்போகிறது, அடுத்த முறை பையனுடையது.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன். தாளை உடனே கிழிக்க வேண்டாம், முதலில் ஒரு ஆட்டம் பாருங்கள். அன்றைக்குச் சத்தம் போட்ட அண்ணாச்சிதானே மண்டபத்தில் ஆடுபுலி ஆடி எல்லாரையும் மடக்குகிறவர். எதிராட்டம் அவரே ஆடட்டும். பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பான்.

இப்படிக்கு,
எதிர்த்த கடை ஜெராக்ஸ்காரி