ஆயிரம் மணி நேரச் சோதனைக்கு ஓராண்டு தாருங்கள்

ஆராய்ச்சி நிதிக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பெரோவ்ஸ்கைட் என்ற, ஒளியை உறிஞ்சும் படிகப் பொருளாலான சூரிய மின்கலத்துக்கான பாலிமர் பற்றிய எங்கள் திட்டத்தை நீட்டிக்க இயலாது என்ற உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. காரணம் ஒரே வரி: செயல்திறன், அதாவது ஒளியை மின்சாரமாக்கும் விகிதம், போதிய அளவு உயரவில்லை.

செயல்திறனை உயர்த்துகிறோம் என்று நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. 2009இல் ஜப்பானில் மியாசகா குழு 3.8 சதவீதத்தில் தொடங்கியது, இன்று 26ஐத் தாண்டிவிட்டது. இப்போது தேவை, கலம் கெடாமல் நிற்பது. பெரோவ்ஸ்கைட்டின் மேல் மின்னூட்டத்தைக் கடத்தப் பூசும் ஸ்பைரோ என்ற கரிமப் பொருளின் அடுக்கு நன்றாகக் கடத்துவதற்காகச் சேர்க்கும் லித்தியம் உப்பு, காற்றின் ஈரத்தை இழுக்கிறது. அந்த ஈரம் அடியிலுள்ள பெரோவ்ஸ்கைட்டைத் தின்றுவிடுகிறது. உப்பில்லாமலே கடத்துகிற, ஈரத்தை அண்டவிடாத பாலிமரைத்தான் தேடுகிறோம். முடியாத காரியமல்ல. 2019இல் கொரியக் குழு ஒன்று, உப்புச் சேர்க்காத பி3ஹெச்டி பாலிமரை வைத்து 22.7 சதவீதம் எட்டியது. காப்புறையிட்ட கலம் 1,370 மணி நேரம் ஒளியில் இருந்தும் திறனில் 95 சதவீதத்தைத் தக்கவைத்தது.

எங்கள் பாலிமர் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கத்தான் ஓராண்டு கேட்கிறோம். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். அதாவது 42 நாள். நடுவில் தடைபட்டால் முதலிலிருந்து.

அந்தச் சோதனைப் பெட்டி எங்களிடம் இல்லை. போன ஐப்பசியில் என் மாணவி கலங்களைச் சிலிக்கா ஜெல்லோடு பொட்டலம் கட்டி, இரவுப் பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வேறோர் ஊருக்குப் போனாள். வழியெல்லாம் மழை. காலையில் பிரித்தபோது, கறுப்பாக இருந்த படலங்களின் ஓரமெல்லாம் மஞ்சள். பெரோவ்ஸ்கைட் சிதைந்து காரீய அயோடைடாகிவிட்டது. நான்கு மாத உழைப்பு. போனில் அவள் அழவில்லை, "மறுபடியும் பண்ணிடலாம் சார்" என்றாள். அப்போது அவளுக்கு உதவித்தொகை வந்து ஐந்து மாதமாகியிருந்தது. டிக்கெட்டுக்கும் கைக்காசுதான்.

உதவித்தொகையை நேரத்துக்குத் தர முடியாத அமைப்பு, முடிவுகளை மட்டும் நேரத்துக்கு எப்படிக் கேட்கிறது? கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறீர்கள், அதை இயக்க ஆள் போட ஒதுக்குவதில்லை. அறிக்கைப் படிவத்தில் உச்சச் செயல்திறனுக்குக் கட்டம் இருக்கிறது, எத்தனை மணி நேரம் தாங்கியது என்பதற்கு இல்லை. கூரையில் ஏறும் சிலிக்கான் பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதோடு போட்டியிட வேண்டிய கலத்தை ஒருநாள் அளவை வைத்து மதிப்பிட்டால், தாங்கும் பொருளைத் தேடி யார் வருவார்கள்?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். புதிய கருவியோ கூடுதல் ஆளோ கேட்கவில்லை. நிலைப்புச் சோதனையை முடிக்க ஓராண்டு, அதை மட்டும் தாருங்கள். முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தாலும் அப்படியே எழுதித் தருகிறோம்.

அடுத்த தொகுதிக் கலங்கள் ஈரக்காற்று புகாத குளோவ் பாக்ஸில் தயாராக இருக்கின்றன. திட்டம் இம்மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் மறுபரிசீலனை செய்து பதில் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திட்டப் பொறுப்பாளர்