முருகேசனுக்கு, அந்தக் கோடு பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், தரையில் ஒரு சாமான் வைக்க முடியவில்லை.

சரி, உன் பையன் பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஃபோர்ஜிங்கில், அதாவது சூட்டோடு ஹேமரால் அடித்து, செய்யும் கனெக்டிங் ராடில் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) ஹார்டனிங், அதாவது சூடாக்கிச் சட்டென ஆற்றிக் கடினமாக்குவது, முடிந்ததும் விரிசல் போல ஒரு கோடு தெரிகிறது. அவன் ஹீட் ட்ரீட்மென்ட்காரரைக் குறை சொல்கிறான், அவர் ஃபோர்ஜிங்கைக் குறை சொல்கிறார், ஸ்டீல் சரியில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை! நமக்குப் பழகிய பாட்டுதானே.

முதல் வேலை, கோட்டைக் கிரைண்டரில் தேய்ப்பதை நிறுத்தச் சொல். அதுதான் சாட்சி. கோட்டுக்குக் குறுக்காக அறுத்து, பாலிஷ் போட்டு, நைட்டாலில் (ஸ்பிரிட்டில் கலந்த நைட்ரிக் ஆசிட்) காட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். கோடு சாய்வாக உள்ளே போய், நடுவில் செதில் (சூட்டில் படியும் இரும்பு ஆக்சைடு) அடைத்து, இரு கரையிலும் கார்பன் போன வெள்ளைப் பட்டை தெரிந்தால் அது சூட்டில் ஹேமரடியிலேயே விழுந்த மடிப்பு, நாம் லாப் என்போமே அது. நேராக, கூராக இறங்கி, கரையில் வெள்ளையே இல்லையென்றால் குவென்ச்சிங்கில், அதாவது சூட்டோடு எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கும்போது, பிளந்தது. பிறகு டெம்பரிங்கில் (மிதமாக மறுபடி சூடாக்குவதில்) அதன் கரை லேசாகக் கருத்திருக்கலாம், அவ்வளவுதான். வாங்கிய கம்பியிலேயே வந்த சீம் (நீளப் பிளவு) என்றால் கரையில் வெள்ளை இருக்கும், ஆனால் அது நீளவாக்கில் ஃப்ளோ லைனோடு (உலோகம் பாய்ந்த வரி) சேர்ந்து ஓடும்.

ரிப்பும் (ஓரத்தில் எழும் மேடு) வெப்பும் (நடுவில் உள்ள மெல்லிய பகுதி) சேரும் மூலையில்தான் கோடு வருகிறது என்கிறாயே, அதனால் எனக்கு மடிப்பின் மேல்தான் சந்தேகம். டையில் (அச்சில்) அந்த மூலையின் ஃபில்லெட், அதாவது வளைவு, கூர்மையாக இருந்தால் உலோகம் வளைந்து ஒட்டிப் போகாது. மூலையைத் தாண்டிப் பாய்ந்து, அப்புறம் திரும்பி வந்து தன் மேலேயே படுத்துக்கொள்ளும். செதில் படிந்த இரண்டு முகங்கள் எத்தனை அடி அடித்தாலும் ஒட்டாது. பில்லட் (அடிக்க எடுக்கும் ஸ்டீல் துண்டு) கனம் கூடினாலும் வினைதான்: ரிப் நிறைந்த பிறகும் வெப்பிலிருந்து உலோகம் ஃப்ளாஷுக்கு (டையின் ஓரத்தில் பிதுங்கும் மிச்சம்) ஓடும்போது ரிப்பின் அடியை அறுத்துக்கொண்டு போகும். ஆகவே பிளாக்கர் டையில் (ஃபினிஷிங் டைக்கு முன் தோராய உருவம் தரும் அச்சு) மூலை ரேடியஸைத் தாராளமாக்கி, பில்லட்டை எடை போட்டு வெட்டி, முதல் அடியை மெதுவாக வைக்கச் சொல். ஹேமர்மேனைத் திட்டிப் பயனில்லை, டை அப்படியிருந்தால் அவர் என்ன செய்வார்?

அடுத்தது உலை. கண்ணால் நிறம் பார்த்தே சூடு சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நம் காலத்தில் சரி, இப்போது பைரோமீட்டர் (உலைச்சூடு அளக்கும் கருவி) வாங்கட்டும். இந்த ஸ்டீலுக்கு 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் எடுத்தால் போதும். ஹேமர் பழுதாகி நிற்கும்போது பில்லட் உலையிலேயே கிடக்கிறதே, அதுதான் ஆபத்து. சூட்டில் கிரெய்ன் (ஸ்டீலின் நுண்மணி) பெருத்தால் நார்மலைசிங்கில் (மறுபடி சூடாக்கிக் காற்றில் ஆற்றுவதில்) ஓரளவு சரிக்கட்டலாம். கிரெய்ன் எல்லையே உருகி ஆக்சைடு புகுந்துவிட்டால், எரிந்த ஸ்டீல், ஸ்கிராப்புக்குத்தான். மறுபக்கம், ஆறிப்போன துண்டை ஃபினிஷிங் டையில் வைத்து அடித்தால் ஓரம் வெடிக்கும், டையும் சீக்கிரம் தேயும். டையை முன்சூடு செய்யாமல் காலையில் முதல் துண்டை அடிப்பதும் கூடாது.

மற்றவை சில்லறை. செதிலை ஊதித் தள்ளாவிட்டால் மேலே குழி விழும். மேல் டையும் கீழ் டையும் விலகினால் பிரிகோட்டில் (இரு டையும் சேரும் கோடு) படி தெரியும். டையை இறுக்கும் கீயையும் ஹேமரின் கைடையும் பார்த்தால் தீர்ந்தது. டையில் ஒட்டாமலிருக்கப் பூசும் கிராஃபைட்டை அள்ளிப் பூசினால் மூலை நிறையாது.

பையன் எப்போதாவது பெரிய அலாய் ஸ்டீல் ஷாஃப்ட் ஆர்டர் எடுத்தால் முன்கூட்டியே எனக்குச் சொல். அதில் ஸ்டீலுக்குள் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் தொல்லை. அடித்த சூட்டோடு வெளியே போட்டால் கிட்டத்தட்ட அறைச்சூட்டுக்கு ஆறும் சமயத்தில் உள்ளே மயிரிழை விரிசல் விழும். வெளியே எதுவும் தெரியாது, அல்ட்ராசோனிக்கில்தான் பிடிபடும். வேக்கம் டீகேஸ் செய்த (உருகிய நிலையில் வெற்றிடத்தில் வாயு நீக்கிய) ஸ்டீல், குழியில் மெதுவாக ஆற விடுவது, இரண்டும் வேண்டும்.

கோடு விழுந்ததில் இரண்டு துண்டும், ஹார்டனிங்குக்கு அனுப்பாத அதே லாட்டில் இரண்டும் பஸ் பார்சலில் போட்டுவிடு. ஹார்டனிங் ஆகாததையும் மேக்னஃப்ளக்ஸில் (காந்தமேற்றி இரும்புப் பொடியால் விரிசல் பார்க்கும் சோதனை) பார்த்துவிடலாம், அதிலும் கோடு இருந்தால் குவென்ச்சிங் காரணமில்லை. ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வந்த ஸ்டீல் என்ற எண்) சாக்பீஸில் எழுதாதே, பஞ்ச் பண்ணச் சொல்.

அன்புடன்,
சண்முகம்