அண்ணாச்சிக்கு, பரண்மேல் இருந்த பருப்பைப் பற்றி

அன்புள்ள அண்ணாச்சி,

உங்கள் கடையில் நான் துவரம்பருப்பு வாங்காத மாதம் ஒன்றே ஒன்றுதான். 2020 மே. ஏன் வாங்கவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

நீங்கள் அயனாவரம் கடையை ஒப்படைத்துவிட்டு உடன்குடிப் பக்கம் போனபிறகு அங்கே செல்போன் கடை வந்துவிட்டது. கொரோனா சமயத்தில் ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்க வாசலில் நீங்கள் வெள்ளை பெயிண்டால் போட்ட வட்டங்களில் ஒன்று மட்டும் பாதி அழிந்து இன்னும் கிடக்கிறது. தெருவில் ஓடும் சின்னப் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்றே தெரியாது. போன வாரம் ஒரு பொடியன் அதற்குள் நின்று ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தான். இந்தக் கடிதத்தை எழுதவேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. உங்கள் மகன் போனில் படித்துக் காட்டட்டும்.

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கே தமிழ்நாட்டில் 144 போட்டாகிவிட்டது. எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் சிட்டை எழுதி முடித்திருந்தேன். பொன்னி அரிசி இரண்டு சிப்பம், துவரம்பருப்பு பத்து கிலோ, உளுந்து ஐந்து, எண்ணெய் பத்து லிட்டர், ரவை, சேமியா, கோதுமை மாவு என்று தாளின் பின்பக்கமும் போனது. டாய்லெட் பேப்பருக்காக ஆஸ்திரேலியாவில் அடித்துக்கொள்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்த வீடியோவைப் பார்த்து அதற்கு முந்தின வாரம்தான் சிரித்திருந்தோம். நமக்கு அது வேண்டாம், நமக்குப் பருப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலையில் உங்கள் வட்டத்தில் நின்று சிட்டையை நீட்டினேன். நீங்கள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தீர்கள்.

“வீட்ல எத்தனை பேரு டீச்சர்?”

“நாலு பேர்.”

“போன மாசம் பருப்பு எவ்வளவு வாங்குனிய?”

“ரெண்டு கிலோ.”

“அப்ப ரெண்டு கிலோ.” பத்தை அடித்து இரண்டு போட்டீர்கள். பின்னால் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. முகக்கவசம் இருந்ததில் அன்றைக்கு ஒரு நல்லது. காசு கொடுத்து வாங்குகிறவளை இல்லை என்று சொல்ல இவர் யார் என்று உள்ளே கொதித்தது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல், தராசில் பருப்பைக் கொட்டிக்கொண்டே கணக்குச் சொல்ல ஆரம்பித்தீர்கள். “நம்ம தெருவுல எண்பது வீடு. வீட்டுக்கு ரெண்டு கிலோன்னா நூத்தறுபது. மாசா மாசம் நான் போடுத சரக்கு அவ்வளவுதான். எல்லாரும் பத்து பத்துன்னு கேட்டா எண்ணூறு கிலோ. எண்ணூறுக்கு நான் எங்க போவேன்? மூணாவது நாளே பருப்பு இல்லைன்னு ஆயிரும். தட்டுப்பாடு கொத்தவால்சாவடி மொத்தச் சந்தையிலயா இருக்கு? உங்க பரண்லல்லா இருக்கு.”

பதினெட்டு வருஷமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன் அண்ணாச்சி. ஒரு பெருக்கல் கணக்கை நடுத்தெருவில் வைத்து எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தானியம் இல்லாமல் போகவில்லை என்பது பிறகு செய்தியில் படித்துத் தெரிந்தது. அந்த ஏப்ரலில் மத்திய அரசின் கையிருப்பில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. நீங்கள் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. கலபுரகியிலிருந்து பருப்பு ஏற்றி வரும் லாரிக்கு டிரைவர் கிடைக்கவில்லை, வந்த லாரியில் இறக்க ஆள் இல்லை, மூட்டை தூக்குகிறவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். நீங்களே குட்டியானை வண்டி பிடித்து, பாஸ் வாங்கி, மூன்று நாளுக்கு ஒரு நடை போய் வந்தீர்கள். வெளியே நின்று பார்த்த எங்களுக்குத் தெரிந்தது காலியான சாக்கு மட்டும்தான். காலியான சாக்கைப் பார்த்தவள் வீட்டுக்குப் போய் நாலு பேருக்குப் போன் போட்டாள். அந்த நாலு பேர் அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நின்றார்கள். (அந்த ‘அவள்’ நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

எங்கள் வீட்டில் இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. என் மாமியாருக்கு அறுபதுகளின் அரிசிப் பஞ்சம் தெரியும். கலியாணத்துக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு அரிசிக்கு வரிசையில் நின்றவர். 1967 தேர்தலில் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற பேச்சு எப்படி ஊரைப் பிடித்தது என்று இன்றும் சொல்லுவார். அரிசிப் பானையில் கை விட்டால் மணிக்கட்டு வரை அரிசி புதைய வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர் பயந்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வரிசையில் நின்ற கால் அது. நான் எதில் நின்றேன்? மாமியார் சொன்ன கதையில்தான்.

இன்னொன்றும் யோசித்திருக்கிறேன். நம் வீடுகளில் வருஷச் சாமான் வாங்குவது உண்டுதானே. மாசி பங்குனியில் புதுப்புளி வரும், கொட்டை எடுத்து, உப்புத் தடவிப் பானையில் அமுக்கி வைப்போம். மிளகாய் காய்ந்து வரும்போது மொத்தமாக வாங்கிப் போடுவோம். துவரைக்குச் செம்மண் கட்டி, வெயிலில் காயவைத்து உடைப்பார்கள் எங்கள் அம்மாச்சி. அதை யாரும் பதுக்கல் என்று சொன்னதில்லை. களத்தில் குவிந்து, விலை இறங்கி, வாங்க ஆளில்லாமல் கிடக்கும்போது வாங்கினார்கள். அடுத்த வட்டத்தில் நிற்பவள் பையிலிருந்து அதை அவர்கள் எடுக்கவில்லை. நான் “எங்க அம்மாச்சி செய்யாததா” என்று என் வீட்டுக்காரரிடம் வாதாடியபோது இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் வாதாடினேன்.

அடுத்தது உங்களுக்குத் தெரியாத சங்கதி. ஏப்ரல் நடுவில் உங்கள் கல்லாவுக்குக் கீழே ஒரு மூட்டை பார்த்தேன். வாய் கட்டி, மேலே பழைய போர்வை போட்டிருந்தது. ‘ஓகோ’ என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு இரண்டு கிலோ, இவர் தனியாகப் பதுக்கி வைத்து விலை ஏறியதும் விற்கப்போகிறார். அதே வாரம்தான் உளுந்துக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டியிருந்தீர்கள். (மொத்த விலையே ஏறிவிட்டது என்றீர்கள். அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.) புகார் செய்ய எண் தேடி எடுத்து, போனில் பதிந்தும் வைத்தேன். முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்து, 200 மில்லி சானிடைசர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று மார்ச்சிலேயே உத்தரவு போட்டிருந்த நேரம் அது. எல்லாருக்குள்ளும் ஒரு இன்ஸ்பெக்டர் முளைத்திருந்தார்.

போன் செய்யவில்லை. செய்யாததற்குக் காரணம் நல்ல மனசு அல்ல. மறுநாள் இஸ்திரி வண்டிக்காரர் மனைவி எனக்கு முந்தின வட்டத்தில் நின்றார். துணி தேய்க்க யாரும் கொடுப்பதில்லை, அந்த மாதம் அவர்களுக்கு வந்தது ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும்தான். அது தீர்ந்த பிறகு அவர் பத்து ரூபாய்க்குப் பருப்பு, பத்து ரூபாய்க்கு எண்ணெய் என்று கேட்டார். நீங்கள் குனிந்து போர்வையை விலக்கி, அந்த மூட்டையிலிருந்து அள்ளிப் பொட்டலம் கட்டினீர்கள். எனக்கு முன்னால் வெளியே வைத்திருந்த சாக்கு ஒன்பது மணிக்கே காலி.

என் பார்வையைப் பார்த்திருப்பீர்கள் போல. “மாசச் சாமான் வாங்குதவங்களுக்கு ஒருநா கடை தொறந்தா போதும் டீச்சர். அன்னாடம் வாங்குதவங்களுக்கு அன்னாடம் சரக்கு இருக்கணும்லா” என்றீர்கள். பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டீர்கள்.

இதையெல்லாம் கேட்டுத் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஏப்ரல் 24 வந்தது. சென்னை, கோவை, மதுரையில் ஞாயிறு 26 காலை ஆறு மணி முதல் 29 இரவு ஒன்பது மணி வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாது என்று வெள்ளிக்கிழமை அறிவிப்பு. நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று கடைகள் மூன்று மணி வரை இருக்கலாம் என்று நேரத்தை நீட்டினார்கள். நாலு நாளைக்கு வேண்டியது என் வீட்டில் தாராளமாக இருந்தது. நாற்பது நாளைக்கே இருந்தது. ஆனாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உங்கள் கடைக்கு அல்ல. உங்களிடம் வந்தால் பென்சிலை எடுப்பீர்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரிய கடைக்குப் போனேன்.

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மாதமாக பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவி, காய்கறியை மஞ்சள் தண்ணீரில் முக்கி, பேப்பர் போடும் தம்பியை நிறுத்தச் சொன்னவள் நான். அன்றைக்கு முன்னால் நின்றவரின் முதுகு வியர்வை என் கையில் ஒட்டும் நெருக்கத்தில் நின்றேன். யாரோ இருமினார்கள், யாரும் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடும். உள்ளே போனபோது அலமாரியில் என்ன இருந்ததோ அதை எடுத்தேன். துவரம்பருப்பு எட்டு கிலோ, ஓட்ஸ் மூன்று பாக்கெட் (எங்கள் வீட்டில் யாரும் ஓட்ஸ் சாப்பிட மாட்டார்கள்), கடுகு ஒரு கிலோ. ஒரு கிலோ கடுகு, அண்ணாச்சி! ஒரு கலியாண வீட்டுக்கே தாளிக்கலாம்.

சில நாளில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவிய செய்தி வந்தது. 1996ல் கொத்தவால்சாவடியிலிருந்து காய்கறிச் சந்தையை அங்கே மாற்றியதே நெரிசல் தாங்காமல்தான். அந்தக் கோயம்பேட்டையே மே 5 அன்று மூடினார்கள். அங்கிருந்து ஊருக்குப் போன தொழிலாளர்களோடு தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போயிருந்தது. காய்கறிக்குத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். கோயம்பேடு திரும்பத் திறக்க செப்டம்பர் கடைசி ஆனது. பெரிய கடையில் நெருக்கி நின்று வந்த பிறகு பதினைந்து நாளும் தொண்டையில் லேசாகக் கரகரப்பு வந்தாலே எனக்கு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் எழுபது தாண்டிய ஒருவர் இருந்தார். அவர் பட்டினி கிடந்துவிடக் கூடாது என்று நான் வாங்கப் போன லட்சணம் அது.

ஒன்றும் ஆகவில்லை. பருப்புக்குத்தான் ஆனது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் பரணிலிருந்து டப்பாவை இறக்கினால் மூடியின் உள்பக்கம் கறுப்பாக ஊர்கிறது. உங்களிடம் வாங்கிய இரண்டு கிலோ தீர்ந்து, திருட்டுப் பருப்பைத் தொட்ட முதல் நாள். மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் கொட்டினேன். பக்கத்து வீட்டு மாடியிலும் அதே காட்சி, அதே வேட்டி, அதே வண்டு. அந்த அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டோம். மாமியார் மேலே வந்து, ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “வெயில் மட்டும் போதாது, வசம்பு போடணும்” என்றார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில்தான் உங்கள் கடைக்கு வந்தேன். ‘வசம்பு கொடுங்க’ என்று கேட்டேன். விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் லேசாகக் கடிந்துகொண்டீர்கள். அப்புறம், “பிள்ளைக்கா, பருப்புக்கா?” என்றீர்கள். என் இளையவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் இரண்டு துண்டு எடுத்துப் பேப்பரில் மடித்தீர்கள்.

அந்த மாதத்துப் பற்று நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உப்பு, சீரகம், சோப்பு, தீப்பெட்டி என்று இருக்கிறது. துவரம்பருப்பு என்ற வரி இல்லை. கடைசியில் உங்கள் பென்சில் எழுத்தில்: ‘பேர் சொல்லாதது, ரூ. 5.’

இப்படிக்கு,
டீச்சர்