ஆட்டிசம் உள்ள மாணவனை வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்பிலேயே கவனிக்க ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
நான்காம் வகுப்பு மாணவனின் தாய்,
தக்கலை வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
நாகர்கோவில்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகன் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படிக்கிறான். ஆட்டிசம் உண்டு, பேச்சு குறைவு. மூன்றாம் வகுப்பு முடியும்வரை பெரிய சிரமம் இல்லை. இந்த ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து திடீரென்று கையைக் கடிக்கிறான், பெஞ்சுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்கிறான், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிடுகிறான். உடனே போன் வரும், நான் போய்க் கூட்டி வருவேன். வகுப்பாசிரியை மேல் எனக்குக் குறை இல்லை. மற்ற பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர் தனியாக என்ன செய்வார்?

ஆனால் வீட்டுக்கு அனுப்பினால் காரணம் தெரியாமலே போகிறது. கடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று அவனும் பழகிவிடுவான். மழைக்காலத்தில் வகுப்பறையின் ஷீட் கூரையில் மழை விழும் இரைச்சலில் நமக்கே பேச்சு கேட்காது. அது அவனுக்குத் தாங்க முடியாமல் இருக்கலாம். புது வகுப்பறை, புது ஆசிரியர், மாறிய பாடவேளை காரணமாக இருக்கலாம். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கமின்மை என வாயால் சொல்ல முடியாத தொல்லையாகவும் இருக்கலாம். உடம்பைப் பார்க்க ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கு நான் கூட்டிப் போகிறேன். எதற்குப் பிறகு கடித்தான், எத்தனை மணிக்கு, என்ன செய்ததும் அடங்கினான் என்று பள்ளியில் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைத்தால் டாக்டருக்கும் அது உதவும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. இந்தப் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து படிக்க வசதி செய்யவும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் அது சொல்கிறது.

ஆகவே, இப்படி மாற்றம் தெரிந்தால், இந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்கு முறைவைத்து வரும் வட்டார வள மையச் சிறப்பாசிரியர் தன் முறை நாள் வரும்வரை காத்திராமல் உடனே வந்து, வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க உத்தரவிட வேண்டும். அவரும் வகுப்பாசிரியையும் நானும் பேசி என் மகனுக்கென்று ஒரு பக்கத்தில் திட்டம் எழுத வேண்டும். அவன் கலங்கும் நேரத்தில் யாரும் சுற்றி நிற்கக் கூடாது, அதட்டக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. மற்ற பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து, ஓரிரு சொல்லில் மெதுவாகப் பேசினால் போதும். இதை ஆசிரியர்களுக்குச் செய்துகாட்டிச் சொல்லித்தர ஒரு பயிற்சி வேண்டும். சத்தம் குறைந்த இடத்தில் ஒரு பாய், அன்றைய பாடவேளைகளைப் படமாக ஒட்டிய ஓர் அட்டை, இவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதைச் செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாணவனின் தாய்